போனுக்குப் பூட்டு போட்டாச்சு, சிம்முக்கு?

போன் தொலைந்தால் முதலில் மனதில் ஓடுவது அதன் விலைதான். இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கிறதே, போன மாதம்தான் புது டிஸ்பிளே போட்டோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் விவரமான திருடனுக்கு செட்டை விற்றுக் கிடைக்கும் காசு இரண்டாம் பட்சம். அதற்குள் இருக்கும் சிம்மையும், அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யையும் வைத்து அதைவிடப் பெரிய காரியம் பண்ண முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

போன் பாதுகாப்பு என்றதும் பலரும் திரைக்குப் பேட்டர்ன் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நம் கையில் இருப்பது ஒரே பொருள் போலத் தெரிந்தாலும், அதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று செட். அதற்கென்று 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. இரண்டாவது சிம், அதாவது உங்கள் போன் நம்பர். மூன்றாவது கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ. படம், காண்டாக்ட், மெயில், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். இந்த மூன்றுக்கும் பூட்டு தனித்தனி. திரைப் பூட்டு செட்டை மட்டும்தான் காக்கும். மற்ற இரண்டையும் கவனிக்காமல் விட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

சிம் லாக்: யாரும் போடாத பூட்டு

திருடு போன போனில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். திரை பூட்டியிருக்கிறது. திருடியவர் அதைத் திறக்கவே முயலவில்லை. ஒரு ஊக்கால் சிம் தட்டை வெளியே இழுக்கிறார், சிம்மை எடுத்து ஒரு சாதாரண பட்டன் போனில் போடுகிறார். அவ்வளவுதான், உங்கள் எண் அவர் கையில் உயிரோடு இருக்கிறது. உங்கள் எண் என்னவென்று தெரியாவிட்டால், அந்த பட்டன் போனிலிருந்து தன் இன்னொரு எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அடுத்து ஏதாவது ஒரு தளத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால், ஓ.டி.பி. அவரிடமே போய்ச் சேரும்.

வங்கிப் பணம் வரை போக முடியுமா? யூ.பி.ஐ. செயலியைப் புதிய போனில் பதிவு செய்ய, அந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். போக வேண்டும். சிம் கையில் இருக்கிறது, ஆகவே அது நடந்துவிடும். பணம் அனுப்ப யூ.பி.ஐ. பின் நம்பர் தேவை. அது தெரியாவிட்டால் புதிதாக வைத்துக்கொள்ள டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும், கார்டு காலாவதியாகும் மாதமும் வருடமும், ஓர் ஓ.டி.பி.யும் கேட்பார்கள். சில வங்கிகள் ஏ.டி.எம். பின் நம்பரையும் கேட்கும். ஆதார் வழியாகவும் இதைச் செய்யலாம். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. போனின் பின்பக்க கவருக்குள் ஏ.டி.எம். கார்டை செருகி வைப்பது, ஃபிளிப் கவரில் ஆதார் கார்டு வைப்பது. பர்ஸ் தூக்க வேண்டாமே என்று வசதிக்காகச் செய்வதுதான். ஆனால் போன், சிம், கார்டு மூன்றையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் திருடுபவருக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்றால், அந்தக் கார்டை முதலில் வெளியே எடுங்கள்.

அடுத்தது சிம் லாக். சிம்முக்கு என்று ஒரு பின் நம்பர் உண்டு. 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம். அது செட்டில் இல்லாமல் சிம்மின் சில்லிலேயே பதிந்திருப்பதால், எந்த போனில் போட்டாலும், போனை அணைத்துப் போட்டாலும் முதலில் அந்த நம்பரைத்தான் கேட்கும். அது சரியாக இல்லையென்றால் நெட்வொர்க்கே வராது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடல் கட்டத்தில் ‘சிம் லாக்’ என்று தேடுவதே எளிது, கம்பெனிக்குக் கம்பெனி மெனு வேறு இடத்தில் இருக்கும். ஐபோனில் மொபைல் சர்வீஸ் பகுதியில் ‘சிம் பின்’ இருக்கும்.

கொஞ்சம் நிதானம் தேவைப்படும் இடம் இது. பூட்டை இயக்கும்போது முதலில் பழைய, அதாவது கம்பெனி வைத்துக் கொடுத்த பின் நம்பரைக் கேட்கும். அதை ஊகித்துப் போடாதீர்கள். கஸ்டமர் கேரில் கேட்டு வாங்குங்கள். மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பி.யூ.கே. என்ற 8 இலக்க எண்ணைக் கேட்கும். சிம் வாங்கியபோது அது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையில் அந்த எண் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அட்டை தொலைந்திருந்தால் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். அதையும் பத்து தடவை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும், எண் போகாது, ஆனால் கடைக்குப் போய்ப் புது சிம் வாங்க வேண்டியிருக்கும். வயதான பெற்றோர் போனில் இதைப் போடுவதானால், நம்பரை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் போன் ஒருநாள் தானாக ரீஸ்டார்ட் ஆகி, அம்மா போனை எடுக்கவில்லையே என்று நீங்கள் ஊருக்கு வண்டி ஏறும்படி ஆகும்.

இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம், ஊக்கால் உருவ அங்கே எதுவும் இல்லை. ஆனால் ‘உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்திருக்கும் லிங்கை அழுத்துங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால், அவர்கள் உங்கள் எண்ணைத் தங்கள் போனுக்கு மாற்றப் பார்க்கிறார்கள் என்று பொருள். காரணமே இல்லாமல் போனில் திடீரென சிக்னல் போய் நெடுநேரம் வராமல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டவர் பிரச்சினை என்று விட்டுவிடாமல் இன்னொரு போனிலிருந்து கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சிம்மைப் பற்றி இன்னொன்று. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 எண்கள் வரை அனுமதி (ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6). உங்களுக்குத் தெரியாத எண் பட்டியலில் இருந்தால் ‘இது என் எண் இல்லை’ என்று அங்கேயே புகார் செய்யலாம்.

திரைப் பூட்டு

4 இலக்கத்தில் பத்தாயிரம் சேர்க்கைகள், 6 இலக்கத்தில் பத்து லட்சம். ஆகவே 6 வையுங்கள். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம், அதை யார் பார்க்கிறார்கள் என்பது. டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது பின்னால் நிற்பவர் உங்கள் விரலைப் பார்க்கிறார். பலர் திரைக்கும் யூ.பி.ஐ.க்கும் ஏ.டி.எம்.முக்கும் ஒரே நம்பரை வைத்திருக்கிறார்கள், அதுவும் பிறந்த வருடம். இந்த மூன்றும் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். பேட்டர்ன் எனக்குப் பிடிப்பதில்லை. எட்ட நின்று பார்த்தாலே மனதில் நின்றுவிடும், எண்ணெய்க் கையால் போட்டால் கண்ணாடியில் தடமும் நிற்கும். வெளியிடத்தில் கைரேகை நல்லது, பார்த்துக் களவாட முடியாது.

பூட்டிய திரையிலேயே எஸ்.எம்.எஸ். முழுசாகத் தெரியும்படி விட்டிருந்தால் ஓ.டி.பி.யைப் படிக்கப் போனைத் திறக்கவே வேண்டாம். நோட்டிஃபிகேஷன் அமைப்பில், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தைக் காட்டாதே என்று மாற்றிவிடுங்கள். மேலிருந்து இழுக்கும் பட்டையில் ஏரோபிளேன் மோடும் இருக்கும். பல போன்களில் திரை பூட்டியிருக்கும்போதே அதை அழுத்தி, போன் இருக்கும் இடம் தெரியாமல் ஆக்கிவிட முடியும். ஐபோனில் முகம் மற்றும் பாஸ்கோடு பகுதியில், பூட்டியிருக்கும்போது கண்ட்ரோல் சென்டர் வேண்டாம் என்று அணைத்துவிடலாம். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதற்கு வழி உண்டு.

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பைக்கில் பறப்பவர்களுக்காக ஒரு வசதி வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் ‘திருட்டுப் பாதுகாப்பு’ என்று தேடிப் பாருங்கள். போன் வெடுக்கென்று இழுக்கப்பட்டு வேகமாக நகர்வதை சென்சார் உணர்ந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள பெரும்பாலான போன்களுக்கு இது கிடைக்கும். ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 17.3 முதல், திருட்டுப் பாதுகாப்பை இயக்கி வைத்தால், பழக்கமில்லாத இடத்தில் ஆப்பிள் பாஸ்வேர்டை மாற்ற முகமோ கைரேகையோ காட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி காட்ட வேண்டும். பாஸ்கோடு தெரிந்துகொண்ட திருடனால் அதை மட்டும் வைத்து அந்தப் பாஸ்வேர்டை மாற்ற முடியாது.

கணக்கு

உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு என்ன? இந்தக் கேள்விக்குப் பலரிடம் பதில் இல்லை. போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் ஒரு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்தான், அதோடு சரி. போன் கையில் இருக்கும்வரை அது தேவைப்படுவதில்லை. தொலைந்த அன்றுதான் தேவைப்படும். தொலைந்த போனைத் தேட, தூரத்திலிருந்து பூட்ட, உள்ளிருப்பதை அழிக்க, ஆண்ட்ராய்டில் ‘ஃபைண்ட் ஹப்’ இருக்கிறது (2025 மே வரை ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்ற பெயரில் இருந்தது), ஐபோனில் ‘ஃபைண்ட் மை’. இரண்டுக்கும் உங்கள் கணக்கில் நுழைந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருப்பீர்கள், நல்லது. நண்பரின் போனிலிருந்து நுழையப் பார்த்தால், ‘உங்கள் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம், ஆம் என்று அழுத்துங்கள்’ என்று வரும். எந்த போனுக்கு? தொலைந்த போனுக்குத்தான். இதற்காகவே கூகுள் பேக்கப் கோடுகள் தருகிறது. 8 இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எடுத்து, தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் வைத்துவிடுங்கள். அதே தாளில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் எழுதுங்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும், இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் இருக்கும். சிம் கம்பெனி, வங்கி இரண்டின் கஸ்டமர் கேர் எண்களையும் சேர்த்து எழுதி வையுங்கள். இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனிலேயே வைப்பதில் அர்த்தமில்லை.

வாட்ஸ்அப்பையும் விடக்கூடாது. சிம் யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்துவிடலாம். அப்புறம் உங்கள் சித்தப்பாவுக்கும் ஆபீஸ் மேனேஜருக்கும் ‘அவசரமாக ஒரு பத்தாயிரம் அனுப்ப முடியுமா’ என்று செய்தி போகும். செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியில் ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்று 6 இலக்க நம்பர் வைத்தால், ஓ.டி.பி. மட்டும் வைத்து உள்ளே வர முடியாது. ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தையும் அவ்வப்போது பாருங்கள். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுக்கத் திறந்துவிட்டு வந்தது இன்னும் திறந்தே கிடக்கலாம்.

போன் கையில் இருக்கும்போதே போகும் பணம்

திருட்டைவிட இது அதிகம் தொல்லை தருகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. அல்லது உங்கள் வண்டிக்கு அபராதம், செலானைப் பாருங்கள் என்று ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் பி.டி.எஃப். என்று இல்லாமல் ஏ.பி.கே. என்று இருக்கும். அது பத்திரிகையும் இல்லை, செலானும் இல்லை, ஒரு செயலி. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால், தெரியாத மூலத்திலிருந்து வரும் செயலிகளை அனுமதிக்கவா என்று போன் எச்சரிக்கும். அதையும் தாண்டினால் எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி கேட்கும். அதற்கும் சரி என்றால், உங்களுக்கு வரும் ஓ.டி.பி. ஒவ்வொன்றும் அவர்களுக்கும் போகும்.

எந்தச் செயலியாக இருந்தாலும், அது செய்யும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் செயலிக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு? குறிப்பாக ‘ஆக்சஸிபிலிட்டி’ என்ற அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ ஏற்பட்ட அது, திரையில் இருப்பதை முழுக்கப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாக பட்டனை அழுத்தவும் இடம் கொடுக்கும். முகம் தெரியாத செயலிக்கு அதைக் கொடுக்கவே கூடாது. தப்பித்தவறி நிறுவிவிட்டால் உடனே இன்டர்நெட்டைத் துண்டித்து, செயலியை நீக்கி, வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள்.

கூரியர் பையன் என்று ஒருவர் கூப்பிட்டு ‘ஸ்டார் 21 ஸ்டார், அப்புறம் இந்த நம்பரை அழுத்துங்க சார்’ என்றால், அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அந்த நம்பருக்குத் திருப்பிவிடும் கட்டளை. அழைப்பு வழியாக வரும் ஓ.டி.பி.யும் அங்கே போகும். அழுத்திவிட்டிருந்தால் ##002# அடியுங்கள், திருப்பிவிட்டவை எல்லாம் ரத்தாகும். பணம் வாங்குவதற்கு யூ.பி.ஐ. பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை, அனுப்ப மட்டும்தான்.

பேருந்து நிலையத்து யூ.எஸ்.பி. சார்ஜரில் தகவல் திருட்டு என்று அடிக்கடி பயமுறுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அதிகப்படி. தகவல் பரிமாற்றத்துக்கு இப்போதைய போன்கள் அனுமதி கேட்கும், வேண்டாம் என்று சொன்னால் சார்ஜ் மட்டும் ஏறும். அந்தப் பயத்தில் பாதியை ஏ.பி.கே. ஃபைல் மேல் வைத்தால் நல்லது.

அன்றாடப் பராமரிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். ‘அபவுட் போன்’ பகுதியில் செக்யூரிட்டி பேட்ச் தேதி இருக்கும், அது பல வருடம் பழையதாக இருந்தால் அந்த போனில் வங்கி வேலை வேண்டாம். இடம் நிறைந்துவிட்டது என்றால் முதலில் வாட்ஸ்அப்பைப் பாருங்கள். ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினாலே காலை வணக்கப் படங்கள் குவிவது நின்றுவிடும். கூகுளின் இலவச 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் பொது. அது நிறைந்தால் மெயில் வருவதே நின்றுபோகும். பேட்டரிக்குப் பெரிய எதிரி வெயில். சித்திரை வெயிலில் பைக் ஹேண்டில் ஸ்டாண்டில் மேப் பார்த்தபடி சார்ஜும் ஏற்றினால் சீக்கிரம் போய்விடும். பேட்டரி உப்பி பின்மூடி தூக்கிக்கொண்டால் அதற்கு மேல் சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போங்கள்.

சர்வீஸ் கடையில் போனை வாங்கியதும், ஒன்பது புள்ளி போட்ட சீட்டில் உங்கள் பேட்டர்னை வரைந்து போனின் முதுகில் ஒட்டுவார்கள். கடையில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் போன் திறந்த புத்தகம். சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்களும் செயலிகளும் கண்ணில் படாமல் டிஸ்பிளேவையும் ஸ்பீக்கரையும் சோதித்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத போனாக இருந்தால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள், முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிவிடுங்கள். விற்பதானால் முதலில் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும், அவர் உங்களைக் கேட்பார்.

தொலைந்துவிட்டால் எது முதலில்?

ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். ஆட்டோவில் விட்டிருந்தால் டிரைவரே எடுப்பார். எடுக்கவில்லை, அல்லது சுவிட்ச் ஆஃப் என்று வந்தால் வரிசை முக்கியம். சிம் லாக் போட்டிருந்தால் முதலில் ஃபைண்ட் ஹப்பில் நுழைந்து போனைப் பூட்டி, இடத்தைப் பாருங்கள். சிம்மை உடனே முடக்கினால் போனுக்கு இன்டர்நெட் போய்விடும், இடம் தெரியாது. சிம் லாக் போடவில்லை என்றால் யோசிக்காமல் முதல் அழைப்பு சிம் கம்பெனிக்கு. செட்டைவிட எண் முக்கியம். வரைபடத்தில் இடம் தெரிகிறது என்று தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள், போலீஸிடம் காட்டுங்கள்.

அடுத்து வங்கி. யூ.பி.ஐ., நெட் பேங்கிங், கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, நீங்கள் தெரிவித்த பிறகு நடக்கும் மோசடி இழப்பு வங்கியைச் சேரும். அதனால்தான் அந்தப் புகார் எண்ணும் நேரமும் முக்கியம்.

பிறகு காவல் நிலையம். தமிழ்நாட்டில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்பார்கள், அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. மோசடிக்காரர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது, பதற வேண்டாம். எஸ்.எம்.எஸ். வர ஆரம்பித்ததும் சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த போனை முடக்கும் பகுதிக்குப் போய், தாளில் எழுதி வைத்த ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் போலீஸ் ரசீதையும் கொடுத்து, ஓ.டி.பி. போட்டுப் பதிவு செய்யுங்கள். 2023 மே மாதம் நாடு முழுக்க வந்த இந்த ஏற்பாட்டில் பதிவானால், அந்த செட்டில் இந்தியாவின் எந்தக் கம்பெனி சிம்மும் வேலை செய்யாது. யாராவது அதில் சிம் போட்டால் அந்தத் தடயம் போலீஸுக்குப் போகும். ஃபைண்ட் ஹப்பில் உள்ளிருப்பதை அழிக்கும் பட்டனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிட்டால் இடம் காட்டுவது நின்றுவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்களுக்கும் இதே ஏற்பாடு உதவும். கடையில் நின்றபடியே *#06# அழுத்தி எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

தொலைந்த உங்கள் போன் போலீஸ் மூலம் திரும்பக் கிடைத்தால், முடக்கியபோது கிடைத்த கோரிக்கை எண்ணை வைத்து அதே தளத்தில் முடக்கத்தை நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் புது சிம்மைப் போட்டுவிட்டு, சிக்னலே வரவில்லை, போர்டு போய்விட்டது போலிருக்கிறது என்று சர்வீஸ் கடைக்கு அலையாதீர்கள்.